ஆயக்கட்டு இல்லாத நீர்

மதுரைக்குத் தெற்கே ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நின்று, இந்தத் தண்ணீர் யாருக்கு என்று கேட்டால் ஊரில் ஒருவர் உடனே பதில் சொல்வார். எந்த மடை எந்த வயலுக்கு, கடைமடைக்காரருக்கு எப்போது முறை, தண்ணீர் குறைந்த வருஷத்தில் யார் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மடை திறந்துவிடுகிற நீர்பாய்ச்சியின் மனக்கணக்கில் இருக்கும். மீன் ஏலத்துக்குப் போகும். வண்டல் வயலுக்குப் போகும். கரையில் நிற்கும் மரத்துக்கும் ஒரு விலை உண்டு. தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அநேகமாக எல்லாமே மனிதர்கள் மண் சுமந்து கரை கட்டித் தேக்கியவை. சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு மழை போய்விடுகிற நிலத்தில், அதைப் பிடித்து வைத்துப் பங்கிட்டால்தான் உயிர் வாழ முடியும். ஆகவே ஏரி என்றதும் நமக்கு அது பாயும் நிலமான ஆயக்கட்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு விலாசம் உண்டு.

கொடைக்கானல் ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை. அதுவும் கட்டிய ஏரிதான். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், மலைமேல் சதுப்பாகக் கிடந்த ஒரு பள்ளத்தில் ஓடையை மறித்துக் கரை போட்டார். ஏறத்தாழ 60 ஏக்கரில் நீர் தேங்கியது. தூத்துக்குடியிலிருந்து படகுகள் வந்தன. ஒரு குழி நெல்லுக்காகவும் தேக்கப்படாத நீர் அது. பார்ப்பதற்கும், படகு விடுவதற்கும், கரையோரம் நடப்பதற்கும் என்றே ஓர் ஏரி. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்றைக்கு அதைப் பார்த்திருந்தால், இவ்வளவு தண்ணீரையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்டிருப்பார்.

கல்லூரி விடுதி நாளிலிருந்து கூடவே வந்த நண்பர்களும் மனைவியருமாக அந்த ஏரிக்கு மேலே ஒரு பழைய வீட்டில் சில நாள் தங்கியிருந்தோம். தை மாதக் கடைசி. சீசன் கூட்டம் இல்லாத காலம். அந்த நாட்களில் என்னைவிட்டு நீங்காமல் இருந்தது அந்தப் பெரியவரின் கேள்விதான். எதற்கும் பயன்படாத நீர் எதற்கு? எந்தக் காரியமும் இல்லாமல் நாலு நாள் ஓரிடத்தில் இருப்பது எதற்கு? ஆயுள் முழுவதும் பயன் பார்த்தே பழகிய நமக்கு இது எளிய கேள்வி இல்லை.

நம் குடும்பங்களில் பயணம் என்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, துஷ்டி, குலதெய்வம், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது, ஆஸ்பத்திரி. பழனிக்குப் போகிறவர்கள் வழியில் கொடைக்கானலையும் பார்த்துவிட்டு வருவார்கள். பார்ப்பது என்றால் வேனில் ஏறித் தூண் பாறை, குணா குகை, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், சாக்லேட் கடை என்று ஒரே நாளில் முடித்துவிட்டு இரவே இறங்குவது. போனோம், பார்த்தோம், படம் எடுத்தோம். அதுவும் ஒரு வேலைதான். சும்மா போய் இருந்துவிட்டு வருகிறோம் என்று ஒருவர் சொன்னால், உடம்புக்கு ஏதாவதா, வீட்டில் சண்டையா என்று கேட்கிற ஊர் நம்முடையது.

காரணம் இல்லாமல் இருப்பதற்கு ஒரு காலத்தில் அதிகாரம் வேண்டியிருந்தது. 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அளவையாளர் பழனி மலையின் இந்தப் பகுதியை அளந்து எழுதினார். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே பளியர் பழங்குடியினர் இந்தக் காட்டில் வாழ்ந்தார்கள்; பூம்பாறை போன்ற ஊர்களில் பயிர் நடந்தது. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் வந்தது. பிறகுதான் இன்னும் உயரம் தேடி வந்து, 1845-இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அப்போது மலைச்சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் டோலி கட்டிச் சுமந்து ஏற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் மட்டுமில்லை, மரச்சாமான்களையும் பெட்டிகளையும் ஆட்களே தோளில் தூக்கி ஏழாயிரம் அடி ஏறினார்கள். இருபதாம் நூற்றாண்டில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து சாலை வரும்வரை இதுதான் நடைமுறை.

பிள்ளையைச் சாகக் கொடுத்தவர்கள் குளிர்ந்த இடம் தேடி ஓடியதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் சுமந்து ஏறியவர்களுக்கு இங்கே வீடு இல்லை. இறக்கிவிட்டுத் திரும்பி இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே காலராவில்தான் செத்தார்கள். இந்த ஏரியின் அழகைப் பற்றி எழுதுகிற எவரும் அந்தத் தோள்களைச் சொல்லாமல் போகக்கூடாது. அன்றைக்குத் தோள் கொடுத்தவர்களின் வழிவந்த தமிழர்கள் இன்றைக்குத் தங்கள் காசில் அறை எடுத்து இதே கரையில் உட்கார முடிகிறது. படிப்பும் பென்ஷனும் பேருந்தும் சேர்ந்து செய்த காரியம் இது. இதை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை.

உட்காரத்தான் நமக்குத் தெரியவில்லை. முதல் நாள் காலை எல்லாரும் ஐந்தரைக்கே எழுந்துவிட்டோம். குல்லாவும் மப்ளருமாக இறங்கி, ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடந்து முடித்தோம். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற நண்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எத்தனை அடி என்று சொன்னான். அடுத்து என்ன என்றான். அன்றைக்கு முழுக்க யாராவது ஒருவர் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ஏரி அதற்குப் பதில் சொல்வதில்லை. அதன் கரை நேராக ஓடாது. நட்சத்திரத்தின் முனைகள்போல் உள்ளே மடங்கி வெளியே நீண்டு போகும். கரையில் எங்கே நின்றாலும் ஒரு பகுதிதான் தெரியும். மீதியைப் பார்க்க நடக்க வேண்டும். நடந்தால் பார்த்தது மறைந்துவிடும். இரண்டாம் நாள் யாரோ ஒருவர் ஒரு மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் பனி விலகிக்கொண்டிருந்தது. குதிரைக்காரர்கள் குதிரைகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். வேகவைத்த சோளக்கதிர் விற்கிற அம்மா அடுப்புப் பற்ற வைத்தார். இஞ்சி டீ வந்தது. ஒரு மணி நேரம் யாரும் எதையும் திட்டமிடவில்லை. அப்போதுதான் பேச்சு ஆரம்பமானது.

பழைய நண்பர்களின் பேச்சுக்கு ஒரு தன்மை உண்டு. அதில் செய்தி இருக்காது. ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததையே பேசுவோம். விடுதி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை போட்ட கறிக்குழம்பு, கடன் வாங்கி உடுத்திய ஒரே நல்ல சட்டை, ஓர் இரவு வைகைப் பாலத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தது. ஒருவன் ஆரம்பித்தால் இன்னொருவன் முடிப்பான். புதிதாக ஒன்றுமே சொல்லப்படவில்லை. ஆனாலும் எழுந்திருக்க மனம் வராது. எனக்கு அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது. தெருவில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு நான் ஒரு பெரியவர். வீட்டில் அப்பா, தாத்தா. பழைய அலுவலகத்தில் ரிடையர்டு சார். இந்தப் பெயர்கள் எதுவும் ஒட்டுவதற்கு முன்னால் நான் யாராக இருந்தேன் என்பதற்கு இன்றைக்குச் சாட்சி இவர்கள்தான். இவர்கள் முன்னால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தோற்றதும் தெரியும், அழுததும் தெரியும். மனம் இறங்கி உட்கார்வது அந்த இடத்தில்தான்.

வள்ளுவர் நட்பைப் பற்றி வரிசையாக ஐந்து அதிகாரம் எழுதியிருக்கிறார். நட்பு, நட்பை ஆராய்வது, பிறகு பழைமை, அதற்குப் பிறகு தீநட்பும் கூடாநட்பும். 81ஆம் அதிகாரமான பழைமையில் அவர் அக்கறை எடுத்துப் பேசுவது, நெடுநாள் பழகியவர் உரிமையோடு செய்கிற காரியங்களைப் பற்றி. கேட்காமல் எடுத்துக்கொள்வது, நமக்குப் பிடிக்காததைச் செய்துவிடுவது, சில சமயம் கேடே செய்துவிடுவது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்வதல்ல, ஏற்றுக்கொள்வதே நட்பின் முதிர்ச்சி என்பது அவர் கட்சி. பொருட்பாலில், அரசும் படையும் கோட்டையும் பேசுகிற இடத்தில் இதை வைத்திருக்கிறார். ஒருவனுக்கு அரணாக இருப்பவற்றில் இதுவும் ஒன்று என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

புறநானூற்றில் பிசிராந்தையாரின் பாட்டு ஒன்று உண்டு. ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்கிறார்கள். அவர் சொல்கிற காரணங்களை வரிசையாகக் கவனிக்க வேண்டும். குணம் நிறைந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் கருதியதையே கருதும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் அரசன். இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் பலர். மனைவியில் தொடங்கி நல்ல கூட்டத்தில் முடிகிற பட்டியல் அது. மருந்தும் இல்லை, பத்தியமும் இல்லை. மனைவியும் நல்ல சகவாசமும் சேர்ந்து அமைந்தால் உடம்பு தளர்வதுகூடத் தள்ளிப்போகும் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாண்டிநாட்டுக்காரர் நம்பினார். ஏரிக்கரையில் அந்த இரண்டும் ஒரே பெஞ்சில் அமைந்தபோது, அது வெறும் கவிவாக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்கிறவர்களின் பேச்சு கண்மாய்த் தண்ணீர்போல் ஆகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மடை உண்டு. கேஸ் சொல்லியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா, நாளைக்கு யார் வீட்டு விசேஷம், மாத்திரை போட்டீங்களா. அந்தப் பேச்சைக் குறைவாக மதிக்கக்கூடாது. ஒரு குடும்பம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். ஆனால் எந்த வயலுக்கும் போகாத பேச்சு என்று கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் ஒன்று மிஞ்சுகிறதா என்பதைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

இந்த மலைவீட்டில் சமையல் நம் பொறுப்பு இல்லை என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் அவர் மனைவியும் சமைத்தார்கள். அதற்கு உரிய கூலியைத் தனியாகக் கொடுத்தோம். அப்படியும் கிளம்பும்போது பெண்கள் பையில் இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் நார்த்தங்காயும் ஏறிவிட்டன. முதல் நாள் நாலு தடவை அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதைக் கை ஒப்புக்கொள்ள நேரமாகிறது. 2019-இல் இந்திய அரசு முதன்முறையாக நாடு முழுவதும் மக்களின் நேரத்தைக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைவைக்கிற ஆண்கள் 97 நிமிடம். கைவைக்கிற ஆண்களே சுமார் நாலில் ஒருவர்தான். ஆண் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறுகிறான். பெண்ணுக்கு அப்படி ஒரு தேதி எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

மூன்றாம் நாள் மாலை நானும் மனைவியும் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தோம். துடுப்புப் படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. எதுவும் கேட்காமலே அவள் சொன்னாள்.

“எங்க ஊர்க் கம்மாயில நானும் இன்னொருத்தியும் நீச்சல் பழகினோம்ங்க. குடத்தக் கவுத்துப் போட்டுக்கிட்டு.”

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியும். எட்டாவது படிக்கிற வரைக்கும். பெறகு விடல.”

நாற்பது வருஷத்தில் இந்தச் செய்தி எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அதற்கு எந்த மடையும் இல்லை. யாருக்கும் தேவைப்படாத, எதற்கும் உதவாத ஒரு தகவல். அதைக் கேட்பதற்குத்தான் இந்த ஏரி வேண்டியிருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பெரியவரின் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

பதில் அத்தோடு நிற்கவில்லை. எங்கள் விடுதி நண்பர்களில் ஒருவன் இரண்டாண்டுக்கு முன் இறந்துபோனான். தேனியில் இரும்புக்கடை வைத்திருந்தவன். இப்படி ஒரு பயணம் போக வேண்டும் என்று முதலில் சொன்னவனும் அவன்தான். அவன் மனைவியையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தோம். அன்றிரவு கணப்புக்குப் பக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசினோம். சிரித்தோம். அவன் மனைவி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, அவுகளப் பத்திச் சொல்ல நீங்க இத்தன பேரு இருக்கீக. நா போயிட்டா, சின்ன வயசுல நா எப்படி இருந்தேன்னு சொல்ல யாரு இருக்கா? எங்கூட்டாளிக எந்த ஊர்ல இருக்காகன்னே தெரியாதே.”

அறையில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அது பொருந்தியது.

பழைய நண்பர்களோடு தம்பதியாகப் போகிறோம் என்று நாம் சொல்லும்போது, நண்பர்கள் அநேகமாகக் கணவனுடைய நண்பர்கள். மனைவியர் கணவர்களின் நட்பு வழியாக ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்களும் அப்படித்தான். வருஷக்கணக்கில் கல்யாணங்களிலும் துக்க வீடுகளிலும் சந்தித்து, உண்மையான பாசம் அவர்களுக்குள் வளர்ந்திருக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் மதினியாகவும் அக்காவாகவும்தான் அறிமுகம். பாவாடை தாவணி கட்டிய பெண்ணாக அவர்களை அறிந்தவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. கல்யாணம் என்பது நம்மிடையே பெண் ஊர் மாறுவது. ஊரோடு பள்ளிக்கூடம் போனது, தெரு போனது, கோலம் போட்ட வாசல் போனது. கடிதம் எழுதினால் யாருக்கு என்ற கேள்வி வரும். பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து மாறிவிடும். இன்றைக்கு முகநூலில் தேடினாலும் கிடைக்காது. அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. ஆண்களின் நட்பைக் கல்லூரி விடுதியும் டீக்கடையும் சங்கமும் பேருந்து நிலையமும் காத்துக் கொடுத்தன. பெண்களின் நட்பைக் காக்க யாரும் ஓர் ஏற்பாடும் செய்யவில்லை.

எப்போதும் இப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. நம் அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசுகிறவர்களில் ஒருத்தி தோழி. அவள் துணை காதல் நாட்களோடு முடிந்துவிடவில்லை. தொல்காப்பியம் கற்பு வாழ்க்கையிலும் அவளுக்கு இடம் வைத்திருக்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நிற்கிற வாயில்கள் என்று பன்னிரண்டு பேரைச் சொல்லும்போது முதலில் வருபவள் தோழி. மருதப் பாடல்களில் பரத்தையிடமிருந்து திரும்பி வருகிற கணவனை வாசலிலே மறித்து, உள்ளே வராதே என்று சொல்கிற உரிமை அவளுக்கு உண்டு. அதாவது கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்க, அவள் முன்பு எப்படி இருந்தாள் என்பதை அறிந்த ஒருத்தி வீட்டு வாசலில் இருந்தாள். பாட்டில் இருந்த இந்த ஏற்பாடு நம் வீடுகளில் இல்லை. தோழியை இலக்கியப் பாடத்தில் வைத்துக்கொண்டு வாழ்க்கையிலிருந்து நீக்கிவிட்டோம்.

ஓய்வைப் பற்றி நான் இதுவரை சொன்னதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். நம்மை முன்பே அறிந்தவர்கள் நடுவில், எதையும் நிரூபிக்காமல் இருப்பதுதான் ஆழமான ஓய்வு என்றால், அந்த ஓய்வு நம் பெண்களில் பெரும்பாலோருக்கு ஒருநாள்கூடக் கிடைத்ததில்லை. சமையல் இல்லாத நாலு நாள் உடம்புக்கு ஓய்வு. அதையும் மறுக்கிற வீடுகள் ஏராளம் என்பதால் அது பெரிய விஷயம்தான். ஆனால் கணவனின் நண்பர்கள் முன்னால் அவள் இன்னமும் மனைவிதான். நல்ல மனைவியாக இருக்க வேண்டும். அளவாகச் சிரிக்க வேண்டும். ஏரிக்கரைக்கு வந்தும் அந்த வேலை முடியவில்லை.

தேங்கிய நீருக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் விழுந்தது எதுவும் ஓடிப்போவதில்லை. கொடைக்கானலில் இதைச் சொல்ல வேறு காரணமும் இருக்கிறது. 1983-இல் இந்த மலையில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. பின்னால் இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர் வசம் போனது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்துப் போராடி, 2001-இல் ஆலை மூடப்பட்டது. கழிவின் ஒரு பகுதி 2003-இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான். ஏரியின் நீரிலும் அடிவண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நமக்கு ஓய்வு தருகிற நீரின் அடியில், நாம் கவனிக்காமல் விட்டது படிந்திருக்கிறது. மேலே எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், பார்த்துக்கொள்ளாத ஏரி கெட்டுப்போகும்.

வருகிறவர்களின் கூட்டமும் ஒரு சுமை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. மலைமேல் எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று கேட்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். சீசனில் மலைப்பாதையில் மணிக்கணக்கில் நிற்கிறவர்கள் பாவம். அவர்கள் கையில் இருப்பது பள்ளி விடுமுறை ஒன்றுதான். காலத்தைத் தேர்ந்துகொள்ள முடிகிற எங்களைப் போன்றவர்கள் கூட்டமில்லாத மாதத்தில் போவது கடமை. தண்ணீர் பாட்டிலை அங்கே விட்டுவிட்டு வராமல் இருப்பதும், சமைத்துப் போட்டவருக்கும் குதிரைக்காரருக்கும் பேரம் பேசாமல் உரியதைக் கொடுப்பதும் கடமை. முன்பு தோளில் சுமந்தவர்களுக்குச் செய்யாததை இப்போதாவது செய்ய நமக்கு வாய்ப்பிருக்கிறது.

அந்த இரவுக்குப் பிறகு பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை ஏரியைச் சுற்றும்போது அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் பின்னால் வந்தோம். ஒவ்வொருவரும் தன் பள்ளிக்கூடத்தின் பெயரையும், பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயரையும் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவருடைய மருமகள் ஊரில் இருந்தபடியே போனில் தேடத் தொடங்கினாள். திருமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் 1970களின் கடைசியில் படித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருப்பது தெரிந்தது. என் மனைவியோடு நீச்சல் பழகியவளின் அண்ணன் மகனுடைய எண் மாலைக்குள் கிடைத்தது. அவள் கோவில்பட்டியில் இருக்கிறாள். என் மனைவி போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் வெகுநேரம் பேசினாள். அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

அடுத்த முறை போகப்போவது அவர்கள். பெண்கள் மட்டும், தங்களுடைய பழைய கூட்டாளிகளோடு. வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாத்திரைகளை நாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வோம். இது முடிவாகிவிட்டது.

இதைப் படிக்கிற ஆண்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நண்பர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களோடு ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போங்கள். அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டாம். ஏனென்றால் எங்களில் ஒருவன் வரவில்லை. அதற்கு முன்னால் இன்றிரவே உங்கள் மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: பத்தாம் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெயர் என்ன? அவர் சொல்கிற பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்.